நடிகரின் சொந்தக் குரல்

அப்பா சொன்னதை அன்று மருத்துவரிடம் அப்படியே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

சென்ற வாரம் மகனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது, முதிய ஆங்கில நடிகர் ஒருவர் இறந்த செய்தி தொலைக்காட்சியில் வந்தது. இளமையில் அவர் லண்டன் மேடையில் பேசியதைக் காட்டினார்கள். மெல்லிய, தயங்கும் குரல். நான் அறிந்த குரல் அதுவல்ல.

என் சிறுவயதில், ஜெர்மனியின் ஹம் நகரில், எங்கள் சிறிய வீட்டில், ஞாயிறு மதியம் சொதி மணக்கும்போது அவர் திரையில் நீதிபதியாகவும் தளபதியாகவும் ஜெர்மன் மொழியில் முழங்குவார். அது வேறொருவர் கொடுத்த குரல். அப்போது எனக்கும் அதே வேலைதான். அந்த மொழி தெரியாத அப்பாவுக்காக எல்லா இடத்திலும் நான்தான் ஜெர்மன் பேசுவேன்.

"அவருக்குக் குரல் குடுக்கிறவனுக்குச் சம்பளம், உனக்கு ஐஸ்கிறீம்" என்று அப்பா சிரிப்பார்.

ஒன்பது வயதில் அவருடன் மருத்துவரிடம் போனேன்.

"இனி உயிரோடை இருக்க விருப்பமில்லை எண்டு சொல்லு, பிள்ளை."

ஜெர்மன் சொற்கள் தெரிந்திருந்தும் வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அப்பாவுக்கு முதுகுவலி என்றேன். மருத்துவர் எழுதிய மாத்திரைகளை அப்பா ஒழுங்காக விழுங்கினார்.

இப்போது அவர் யாருடனும் பேசுவதில்லை. இது எப்போது தொடங்கியது என்று மனநல மருத்துவர் கேட்கிறார்; வரும் செவ்வாய்க்கிழமை அவரை மறுபடி பார்க்க வேண்டும். சொன்னாலும் இனி எதுவும் மாறாது என்றே படுகிறது. அப்போது பக்கத்தில் அப்பாவும் இருப்பார். இன்று அவருக்கு ஜெர்மன் விளங்கும். செவ்வாய்க்கிழமை நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.