சுலோஜனா கட்டிய ஒல்லாந்தர் மதில்

நெடுந்தீவில் கோட்டைக்குப் போகிற வழியில், வீதி கடலைப் பார்த்து வளைகிற இடத்தில், நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கல்மதில் நிற்கிறது. சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. பவளப்பாறையான முருகைக்கல்லின் மேல் முருகைக்கல், அவ்வளவுதான். அதன் முன்னால் நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: 'ஒல்லாந்தர் மதில். முந்நூறு ஆண்டுகள் பழமையானது.'

அந்த மதிலைச் சுலோஜனா கட்டி முடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது.

போர் முடிந்து வன்னியிலிருந்து திரும்பி வந்தபோது காணிக்கு எல்லை என்று ஒன்றும் இருக்கவில்லை. மாடுகளும் குதிரைகளும் அதைத் தங்கள் வழியாக்கியிருந்தன. கிணற்றடியைக் கொத்தக் கொத்தக் கல் வந்தது. கணவர் தம்பையா காலில் காயத்தோடு படுத்திருந்த காலம். அவள் கல்லைப் பனையோலைக் கடகத்தில் சுமந்து வீதிக்கரையில் அடுக்கினாள். முதல் தரம் அடுக்கியது ஒரு மாடு முதுகு சொறிந்ததற்கே தாங்கவில்லை. இரண்டாம் தரம் கட்டியதை மாரிக்காற்று தள்ளிவிட்டது. மூன்றாம் தரம் கட்டியது நின்றது. அதற்குள் அவளுடைய இரண்டு உள்ளங்கையும் அந்தக் கல்லைப் போலவே பொருக்கு விட்டிருந்தன.

ஒல்லாந்தர் வந்தது பிறகுதான். கொண்டுவந்தவன் பிரசாந்தன். இறங்குதுறையிலிருந்து பிக்கப்பில் ஆட்களை ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுகிறவன். எல்லாரும் பார்க்க வருகிற பருத்த பெருக்கு மரத்துக்கும் கோட்டைக்கும் இடையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அவனுடைய குறை. ஒருநாள் யாரோ மதிலைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க, தீவை ஆண்ட டச்சுக்காரரான ஒல்லாந்தர் கட்டியது என்று வாயில் வந்ததைச் சொன்னான். அடுத்த நாளும் அதையே சொன்னான். பிறகு பலகையும் நட்டான்.

சுலோஜனாவுக்கு முதலில் சிரிப்புத்தான். முற்றத்தில் பந்தல் போட்டு நண்டுக்கறியும் சோறும் ஒடியற்கூழும் விற்கிறவள் அவள். ஆட்கள் வந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். ஆனால் பந்தலுக்கு வழி பின் ஒழுங்கையால். வந்தவர்கள் மதிலில் சாய்ந்து படம் எடுத்துவிட்டு, பிக்கப்பில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. வீதிப்பக்கம் மதிலில் வழி திறந்து ஒரு படலை வைத்தால்தான் கடை பிழைக்கும் என்று கண்டாள்.

படலைக்கு மரம் வந்து இறங்கிய கிழமையே ஓர் அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. பிரசாந்தன் இணையத்தில் போட்ட படம் அங்கே யாருடைய கண்ணிலோ பட்டிருக்கிறது. தொன்மையான மதில், பரிசோதிக்கும் வரை அதில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்றது கடிதம். 'இது நான் கட்டியது' என்று பதில் எழுதினாள். மூன்று மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"வந்து பாக்கட்டும், கொஞ்சம் பொறும்," என்றார் தம்பையா. "அவையளோட கொழுவி நாங்கள் என்னத்தைக் கண்டனாங்கள்?"

"நான் ஆரோடயும் கொழுவேல்லை. என்ர மதிலுக்குப் படலை வைக்கப்போறன்."

"பொலிசு வந்தால்?"

"மத்தியானமா வரச் சொல்லுங்கோ. சோறும் சாப்பிடலாம்."

அப்படிச் சொன்னாளே தவிர, அவளும் பொறுத்துத்தான் இருந்தாள். மன்னாரிலிருந்து ஆசிரியர்கள் கூட்டமொன்று வந்த சனிக்கிழமை வரைக்கும். அன்றைக்கு அடுப்படியில் நின்றவளின் காதில் பிரசாந்தனின் குரல் விழுந்தது.

"இது ஒல்லாந்தர் அடிமையளைக் கொண்டு கட்டுவிச்ச மதில். ஒவ்வொரு கல்லையும் அந்த அடிமையள் தலையில சுமந்து..."

"ஆரடா அடிமை?"

மதிலுக்குப் பின்னாலிருந்து குரல் வரவும், சாய்ந்து நின்ற ஆசிரியைகள் இரண்டு பேர் துள்ளி விலகினார்கள். ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு, கையில் கல் நெம்புகிற அலவாங்கோடு சுலோஜனா வந்து நின்றாள்.

"அக்கா, சனம் நிக்குது," என்றான் பிரசாந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிக்கட்டும். நான் கல்லுச் சுமக்கேக்க நீ சின்னப் பெடியனா களிசானோட இதில நிண்டு விடுப்புப் பாத்தனீ. அப்ப ஒல்லாந்தன் ஆரையும் கண்டனியோ?"

"கல்லு பழசுதானே அக்கா..."

"உன்ர பிக்கப் ஓடுற மண்ணும் பழசுதான். அதுக்காகப் பிக்கப்பை ஒல்லாந்தற்ர பிக்கப் எண்டு சொல்லுறியோ?"

கூட்டத்தில் சிரிப்பு எழும்பியது. றோஸ் என்ற ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கையில் கொப்பி இருந்தது. பிரசாந்தன் சொன்னதெல்லாம் அதில் ஏறியிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ," என்றாள் அவள். "நீங்கள்தான் கட்டினதெண்டு நாங்கள் எப்பிடி நம்புறது?"

சுலோஜனா அவளை ஒரு கணம் பார்த்தாள். நியாயமான கேள்விதான்.

"படகு எத்தினை மணிக்கு?"

"ரெண்டரைக்கு."

"காணும், நேரம் இருக்கு," என்றுவிட்டு மேல்வரிசைக் கல்லில் அலவாங்கைக் கொடுத்தாள்.

"ஐயோ அக்கா, கடிதம் வந்ததெல்லோ!"

"வந்தது. நான் மறுமொழியும் போட்டனான். வாசிக்க ஏலாட்டி வந்து பாக்கட்டும்."

ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, பெரியதை ஒரு பக்கமும் சில்லுக்கல்லை மறுபக்கமும் வைத்தாள். நாலடி அகலத்துக்கு மதில் திறந்தது. பிறகு இரண்டு வெட்டுமுகத்தையும் அடியிலிருந்து கட்டத் தொடங்கினாள். பெரியது கீழே. ஒரு கல் இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும். நடுவில் சில்லு.

"இடையில இவ்வளவு ஓட்டை இருக்குதே?" என்று குனிந்து பார்த்தாள் றோஸ்.

"காத்துப் போறதுக்கு. அதை மறிச்சால் மதிலைத் தள்ளிப்போடும். எனக்கு ரெண்டாந்தரம் அப்பிடித்தான் விழுந்தது."

இளம் ஆசிரியர் ஒருவர் தானும் ஒரு கல்லை வைத்துப் பார்த்தார். அது ஆடியது. சுலோஜனா அதை எடுத்து, ஒரு தரம் பார்த்து, புரட்டி வைத்தாள். அசையாமல் இருந்தது. பிரசாந்தன் கைத்தொலைபேசியை எடுப்பதும் பொக்கற்றில் வைப்பதுமாக நின்றான்.

காலை இழுத்து இழுத்து உள்ளேயிருந்து தம்பையா வந்தார். தோளில் படலைத் தூண்.

"சுலோ, இதை எந்தப் பக்கம் நடுறது?"

"இப்ப பயமில்லையோ?"

"பயந்தான். எந்தப் பக்கமெண்டு சொல்லுமன்."

பகல் ஒரு மணியாவதற்குள் வேலை முடிந்தது. றோஸ் கொப்பியில் ஒரு பந்தி முழுவதையும் குறுக்கே கோடு போட்டு வெட்டிவிட்டு, சுலோஜனாவின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆசிரியர்கள் புதுவழியால் உள்ளே போய்ப் பந்தலில் இருந்தார்கள். பிரசாந்தன் வீதியிலேயே நின்றான்.

"அக்கா, ஆரும் கேட்டால் நான் தடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன். தடுத்தவன், ஏலாமல் போச்சுது எண்டு சொல்லுறன். பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து சாப்பிடு."

புறப்படுகிற நேரம் றோஸ் கமராவைத் தூக்கினாள்.

"அதில நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்."

வழியின் நடுவில், இரண்டு பக்கக் கல்லிலும் கையை ஊன்றிக்கொண்டு சுலோஜனா நின்றாள். முகமெல்லாம் வெள்ளைத் தூள்.

"கொஞ்சம் சிரியுங்கோவன்."

அவள் சிரிக்கவில்லை.

"எடுங்கோ. கீழ ஒல்லாந்தன் எண்டு எழுதினால் மன்னாருக்கு வந்து கேப்பன்."