ஒன்பதாவது சத்தம்

ஜம்புலிங்கத்துக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருவதை முதலில் கண்டுபிடித்தது அவன் மனைவி சொர்ணம்தான். 1969-ஆம் வருஷம். குமணன்சாவடியில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிரே நின்று பெங்களூர் லாரி ஒன்று விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஜம்புலிங்கம் அதற்கு நேராக முதுகைக் காட்டியபடி நடுரோட்டில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டிரைவர் திட்டிவிட்டுப் போனான். அந்தத் திட்டும் ஜம்புலிங்கத்துக்குக் கேட்கவில்லை.

அவன் குன்றத்தூர் போகும் வழியில் இருந்த ஒரு கல்குவாரியில் வெடிக்காரன். பாறையில் துளை போடுவது வேறு ஆட்களின் வேலை. அந்தத் துளைகளில் மருந்தை இறக்கி, திரி வைத்து, ஆட்களை விலக்கி, பற்றவைத்து, எல்லாம் வெடித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. அதற்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாதவன் திரியைத் தொடக்கூடாது.

அதை வாங்க அவன் பட்ட பாடு சொர்ணத்துக்குத் தெரியும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். முதலுதவிச் சான்றிதழ் இருந்தால்தான் பரீட்சைக்கே உட்கார விடுவார்கள் என்றதும், பத்து ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு நடந்துபோய்க் கட்டுப்போடக் கற்றுக்கொண்டான். வீட்டில் சொர்ணத்தின் கையிலும் காலிலும் துணி சுற்றிப் பழகினான். 1966-இல் கோலார் தங்கவயலுக்கு ரயிலேறிப்போய் மூன்று அதிகாரிகள் முன்னால் நின்று வாயால் பதில் சொன்னான். "ஒன்பது குழிக்கு மருந்து வெச்சே. எட்டுச் சத்தம்தான் கேட்டுது. என்ன செய்வே?" என்று ஒருவர் கேட்டார். "அரை மணி நேரம் யாரையும் கிட்ட உடமாட்டேன் சார். அப்பால நான் மட்டும் போயி, வெடிக்காத குழியத் தேடுவேன்" என்றான். தேறிவிட்டான்.

சத்தத்தை எண்ணுவதுதான் அந்த வேலையின் உயிர். ஜம்புலிங்கத்தால் எண்ண முடியாமல் போயிற்று.

முதலில் காலால் எண்ணிப் பார்த்தான். வெடிக்கும்போது பாறை அதிரும், உள்ளங்காலில் தெரியும். ஆனால் இரண்டு வெடி அடுத்தடுத்து வந்தால் ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியாது. அப்போதுதான் சொர்ணம் ஒரு வழி சொன்னாள். அவளும் அதே குவாரியில்தான் ஜல்லி உடைத்தாள். வெடி வைக்கும்போது ஜல்லிக்காரப் பெண்கள் எல்லாரும் தூரத்துக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். ஜம்புலிங்கம் பதுங்கும் மறைவிலிருந்து அந்தக் கொட்டகை தெரியும். சொர்ணம் ஓரமாக நின்று, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கி முந்தானைமேல் வைத்துக்கொள்வாள். அவன் அதைப் பார்த்து எண்ணுவான். பார்க்கிறவர்களுக்கு அவள் பயந்து கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருக்கும். அப்படியே நாலு வருஷம் ஓட்டினார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நடுவில் 1971-இல் கண்ணும் காதும் சரியாக இருப்பதாக டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அது கட்டாயம். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் அவனுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாக எண்களைச் சொன்னார். எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடிக் கதவில் டாக்டரின் வாய் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க ஜம்புலிங்கம் பழகியிருந்தான். ஆறு எண்ணில் ஐந்தைச் சரியாகச் சொன்னான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் சொர்ணம், "இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டாள்.

"பாஸு" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

1973 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆவடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வனஜாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. சொர்ணம் காலை டீகூடக் குடிக்காமல் கிளம்பினாள். வாசலில் நின்று, "இன்னிக்கு வெடி வெக்காத. ஒடம்பு சரியில்லன்னு சொல்லு" என்றாள். ஜம்புலிங்கம் தலையாட்டினான்.

குவாரியில் மேஸ்திரி தசரதன் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு லாரி நிற்கிறது, கல் இல்லை. "அண்ணாத்தே, வந்து பத்தவெச்சிட்டுப் போயி படுத்துக்கோ" என்றான். ஜம்புலிங்கம் என்ன காரணம் சொல்வான்? ஒன்பது குழிக்கு மருந்து இறக்கினான்.

மறைவில் பதுங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் காலை ஊன்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வரைக்கும் தெளிவாக இருந்தது. பிறகு நீளமாக ஒரு அதிர்வு. பிறகு ஒன்று. அந்த நீளமான அதிர்வு இரண்டு வெடியா? அப்படியானால் ஒன்பது. இல்லையென்றால் எட்டுதான். கொட்டகையைப் பார்த்தான். சொர்ணம் நிற்கும் இடத்தில் வேறு ஒருத்தி நின்று கொண்டை முடிந்துகொண்டிருந்தாள்.

"ஒம்போதும் ஆச்சில்ல?" என்று பக்கத்தில் வந்து நின்ற தசரதனைக் கேட்டான்.

"ஆச்சி, ஆச்சி. நானும் கேட்டேன்" என்றான் தசரதன். அவன் எண்ணவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜம்புலிங்கம் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்ப் பார்த்தான். உடைந்த கல் குவியலாகச் சரிந்து பாறையின் அடிவாரத்தை மூடியிருந்தது. கையால் தள்ளித் தள்ளித் தேடினான். ஒன்றும் தென்படவில்லை. மறுநாள் கல்லை அள்ளிய பிறகு, புதுக் குழிகளுக்கான இடங்களைத் தானே சுண்ணாம்பால் குறித்துக் கொடுத்தான்.

மூன்றாவது குறியில் துளை போட்டவன் நாகப்பன். ஜம்புலிங்கத்தின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவன். முதல்நாள் வெடிக்காமல் பாறைக்குள் சாய்வாக இறங்கியிருந்த மருந்தில் அவனுடைய உளி போய் இடித்தது.

அந்தச் சத்தம் மட்டும் ஜம்புலிங்கத்துக்குக் கேட்டது.

நாகப்பன் சாகவில்லை. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. பூந்தமல்லியில் கற்றுக்கொண்டபடி ஜம்புலிங்கம்தான் கட்டுப்போட்டான். இரத்தம் நிற்க மேல்கையில் இறுக்கி முடிந்து, ஜல்லி லாரியில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். வழி முழுவதும் நாகப்பன் எதையோ சொல்லிக்கொண்டே வந்தான். லாரி ஆடிய ஆட்டத்தில் வாயைப் பார்த்துப் பிடிக்க முடியவில்லை.

அதே சனிக்கிழமை ஆவடியில் வனஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சுரங்க ஆய்வாளர் விசாரணைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் முதலாளியின் தரப்பில் ஒரு கதை தயாராகிவிட்டது. நாகப்பன் விதியை மீறிப் பழைய குழியிலேயே உளியை வைத்தான், சொல்லிக்கொடுத்தும் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்ததற்கு அத்தாட்சி இருந்தது. துளை போடுகிறவர்களுக்கு அவ்வப்போது பாதுகாப்பு மறுபயிற்சி நடத்த வேண்டும். நடத்தியதாக ஒரு பதிவேடு. அதில் நாகப்பனின் கைநாட்டு, அதற்குக் கீழே பயிற்சி கொடுத்தவன் என்று ஜம்புலிங்கத்தின் கையெழுத்து. வருஷா வருஷம் ஒரே மத்தியானத்தில் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு போவார்கள். பயிற்சி ஒருநாளும் நடந்ததில்லை.

தசரதன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஜம்புலிங்கத்தின் முகத்துக்கு நேராகச் சொன்னான்: "மூணே கேள்விதான் அண்ணாத்தே. ஒம்போதும் வெடிச்சிதான்னு கேப்பாங்க. போயி பாத்தியான்னு கேப்பாங்க. நாகப்பன் பழைய குழில வெச்சானான்னு கேப்பாங்க. மூணுத்துக்கும் ஆமான்னு சொல்லிடு. உன் சீட்டு பொழச்சிக்கும்."

அவன் போன பிறகு சொர்ணம் கதவைச் சாத்தினாள். "நாகப்பன் மேல தப்புன்னு ஆயிட்டா அவனுக்கு நஷ்டஈடு கெடைக்காதாமே. லோகநாயகி சொல்லி அழுதா" என்றாள். லோகநாயகி நாகப்பனின் மனைவி. இரண்டு வாரமாகச் சொர்ணம்தான் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

"அப்ப நெசத்த சொல்லிடட்டா?"

சொர்ணம் சாத்திய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "சொன்னா ஒன்ன மட்டுமா உள்ள போடுவாங்க? வெரல மடக்கினது நான். இப்பத்தான் பேத்தி பொறந்துகீது. சொல்லாதய்யா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

விசாரணை குவாரி ஆபீஸ் அறையில் நடந்தது. ஆய்வாளர் வடக்கத்தியர், இங்கிலீஷில் கேட்டார். அதைத் தமிழில் சொன்ன குமாஸ்தா, எழுதிக்கொண்டே குனிந்தபடி பேசினார். ஜம்புலிங்கத்துக்கு அவர் வாய் தெரியவில்லை. நரைத்த தலைதான் தெரிந்தது.

குமாஸ்தாவின் பேனா நின்றது. தன் முறை என்று ஜம்புலிங்கத்துக்குப் புரிந்தது.

"ஆமா" என்றான்.

பேனா மறுபடி ஓடி மறுபடி நின்றது.

"ஆமா" என்றான்.

குமாஸ்தா நிமிர்ந்தார். ஆய்வாளர் அவனை உற்றுப் பார்த்தார். சுவரோரம் நின்ற தசரதனின் முகம் வெளிறிவிட்டது. முதல் கேள்வி, உனக்கு என்ன வயது என்பது. இரண்டாவது, எத்தனை வருஷமாக இங்கே வேலை செய்கிறாய் என்பது.

தசரதன் முன்னால் வந்தான். "பயந்து போய்க்கீறாரு சார். அந்தக் கைய பாத்ததுலருந்து புத்தி சரியில்ல. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

ஆய்வாளர் யோசித்தார். குமாஸ்தா தாளைத் தசரதன் பக்கம் திருப்பினார். அந்த ஒரு நிமிஷம் ஜம்புலிங்கம் சும்மா இருந்திருந்தால் போதும். உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த லோகநாயகி, சொர்ணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாகப்பனின் சட்டை ஒன்றை மடித்துக் கையில் வைத்திருந்தாள். எதற்கு அதைக் கொண்டுவந்தாள் என்று தெரியவில்லை.

"நீங்க கேக்கறது எனக்குக் கேக்கல சார்" என்றான் ஜம்புலிங்கம். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவனுக்குத் தெரியாது; வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "நாலு வருசமா கேக்கல. ஒம்போதும் வெடிச்சிதான்னு எனக்குத் தெரியாது. அந்த எடத்த சுண்ணாம்பு போட்டுக் குடுத்தது நான். நாகப்பன் நான் காட்டின எடத்துலதான் வெச்சான். அந்தப் பொஸ்தவத்துல இருக்கற பயிற்சி எதுவும் நடக்கல. கையெழுத்து மட்டும் போட்டேன்."

விரல் மடக்கிய கதையை மட்டும் அவன் சொல்லவில்லை. டாக்டரை எப்படி ஏமாற்றினாய் என்று எழுதிக் காட்டிக் கேட்டபோது கண்ணாடியைப் பற்றிச் சொன்னான். குவாரியில் எப்படிச் சமாளித்தாய் என்றதற்கு, "காலால எண்ணுவேன்" என்றான்.

சான்றிதழை அன்றே வாங்கிக்கொண்டார்கள். பிறகு ரத்து செய்த உத்தரவு தபாலில் வந்தது. வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள்; சிறைக்கு அனுப்பவில்லை. நாகப்பனுக்கு ஒன்றரை வருஷம் கழித்து நஷ்டஈடு கிடைத்தது. அதோடு முடியவில்லை. குவாரியை நாலு மாதம் மூடிவைத்தார்கள். எழுபது குடும்பம் வேலை இல்லாமல் நின்றது. பொய் சொல்லிக் கையைப் பறித்தவன், உண்மை சொல்லிச் சோற்றைப் பறித்தவன் என்று இரண்டு பக்கமும் திட்டினார்கள். தண்ணீர்க் குழாயில் சொர்ணம் குடத்தை வைத்தால் அதைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். லோகநாயகி திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. ஜம்புலிங்கம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான். ஒருநாள் ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்திருந்தவனை மருமகன் கண்டுபிடித்துக் கூட்டிவந்தான். எதற்கு அங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அம்பத்தூருக்குக் குடிபோனார்கள். தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில், வார்த்த இரும்பைத் தட்டிச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. அங்கே இருந்த சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லாரும் கையைக் காட்டித்தான் வேலை செய்தார்கள். அவன் செவிடா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

1976-இல் பொங்கல் முடிந்து ஒருநாள், "வா, போயி பாத்துட்டு வரலாம்" என்று சொர்ணம் அவனைக் குமணன்சாவடிக்கு இழுத்துப்போனாள். நாகப்பன் வீட்டு வாசலிலேயே பீடி, வெற்றிலைக் கடை வைத்திருந்தான். மீதி இருந்த மூன்று விரலால் வெற்றிலையை எண்ணிக் கொடுத்தான். இவர்களைப் பார்த்து எழவில்லை. லோகநாயகி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நாகப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசினான். ஜம்புலிங்கத்துக்கு அவன் கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது. கேட்டதுபோலத் தலையாட்டக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சொர்ணத்தின் தோளைத் தொட்டு, "இன்னா சொன்னான்?" என்று கேட்டான்.

அவள் அவன் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். "ஒன்ன ஒண்ணும் சொல்லல. கை வலிக்குதாம். இல்லாத வெரலுங்க வலிக்குதாம். டாக்டருகிட்ட சொன்னா சிரிக்கறாங்களாம்."

பூந்தமல்லிப் பக்கமிருந்து பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள்.