கிடங்கு முடிகிற நாள்

பஞ்சத்தில் நாங்கள் தின்ற அரிசிக்கு ஈடாக, நைனா என் அண்ணனை ஒல்லாந்துத் துரையின் கிடங்கு வேலைக்கு விட்டார். கிடங்கு கட்டி முடிந்ததும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அதனால் பழவேற்காட்டில் அந்தச் சுவர் எழும்புவதை எங்களைப் போல வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மழைக்கு முன்னால் முடித்துத் தருவதாகத் துரையிடம் சத்தியம் செய்திருந்தார் மேஸ்திரி. முடியாது என்று அவருக்கே தெரியும். நைனா கேட்டதற்கு, "உள்ளதச் சொன்னா துரை வேற ஆளப் பாத்துக்குவான். இன்னா பண்ணச் சொல்ற?" என்றார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐப்பசி மழையில் சுண்ணாம்புக் காளவாய் அணைந்து, சுட்டு வைத்த கிளிஞ்சல் எல்லாம் சேறாகிப் போனது. மழை விட்டதும் ஏரியில் இறால் வந்துவிட்டது. செங்கல் சுமந்தவர்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும்தான் கூடையோடு இறங்கியிருந்தேன். அப்புறம் புதுத் துரை ஒருவன் வந்தான். சுவர் மெலிசாக இருக்கிறது, இடித்துக் கட்டு என்றான். இடித்தார்கள். ஏற்கெனவே தின்ற செங்கல் போதாதென்று அந்தச் சுவர் இன்னொரு மடங்கு தின்றது.

அன்று அம்மா சோறு தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கூலி கேட்காமல் கிளிஞ்சல் பொறுக்கிக் காளவாயில் கொட்டினோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான்.

அண்ணன் சுண்ணாம்பு அரைக்கும் செக்கில் இருந்தான். கண் இமையெல்லாம் வெள்ளையாக, எங்களைப் பார்த்துச் சிரிப்பான். "எம்மா, மெதுவா பொறுக்கு. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்பான். தினமும் அவன் முகத்தைப் பார்க்க முடிந்ததே ஒரு பாக்கியம் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒருவழியாக ஓடு வேய்ந்தார்கள். அம்மா நண்டுக் குழம்பு வைத்தாள். அண்ணனை அழைத்துவரப் போன நைனா தனியாகத் திரும்பி வந்தார். இங்கே வேலை தீர்ந்த ஆட்களைக் காலையிலேயே கடல் தாண்டிப் பத்தாவியா போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். அங்கே பெரிய கோட்டை கட்டுகிறார்களாம்.

அம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம கிளிஞ்சல் கொட்டாம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருந்திருப்பான்டி" என்றாள்.