அரிசி டின்னில் ராகி

உலை வைத்ததும் அம்மா அரிசியை அளந்து எடுப்பாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, அலமாரியில் இருந்த பழைய பால்பவுடர் டின்னில் போடுவாள். அதற்குப் பிடி அரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும்போது அந்த டின்னை எடுத்துப் போய், காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் வாய் திறந்திருக்கும் சாக்கில் கொட்ட வேண்டும். எல்லா வீட்டு அரிசியும் அந்த ஒரே சாக்கில் கலந்து, கஷ்டப்படுகிற ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்பது கோயில் உபதேசியாருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் கேட்கக் கூடாது.

அப்பாவுக்கு அந்த டின்னைக் கண்டாலே கேலி. "ஏட்டி, ஒங்க ஆண்டவரு ரேஷன் கடையா வச்சிருக்காரு?" என்பார். திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்த அவர், தன் இரண்டு கைகளையும் தான் ஓட்டிய லேத் மெஷினையும் தவிர வேறெதையும் நம்பியதாக எனக்கு நினைவில்லை. கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வருவார். அதுவும் புதுச் சட்டையைக் காட்டத்தான் என்பாள் அம்மா.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். லாக்-அவுட் என்றார்கள். முதலில் எனக்கு அது பிடித்திருந்தது, அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தாரே! பிறகு அரிசி குறைந்தது. வீட்டுக்கார அம்மா ராகி கொடுத்தார். சானமாவுக் காட்டுப் பக்கம் அவர்கள் நிலத்தில் யானை தின்றது போக மிஞ்சியது. "அக்கிச் சோறு எதுக்கும்மா? ராகி துன்னு பாரு, ஒடம்பு கல்லாட்டம் இருக்கும்" என்று, அரிசியை அக்கி என்னும் கன்னட வாடையோடு சொல்லி, களி கிண்டவும் கற்றுக் கொடுத்தார். பதிலுக்கு அம்மா அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அப்படித் தைத்துக் கொடுத்ததால்தான் அப்பா அந்தக் களியைத் தொட்டார். "அடுத்தவன் எரக்கப்பட்டுப் போடுத சோறு எந்தொண்டையில எறங்காது" என்று அவர் சொல்வது எங்களுக்கு மனப்பாடம்.

அரிசி உலையில் விழாத நாளில் பிடி அரிசிக்கு எங்கே போவது? அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு ராகியில் ஒரு பிடி அள்ளி டின்னில் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாக்கில் கொட்டியபோது, வெள்ளை அரிசியின் மேல் ராகி கருஞ்சிவப்பாக இறைந்து கிடந்தது. முன் வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு மானமே போய்விட்டது.

இரண்டொரு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டு மூலையில் ஒரு அரிசிப் பை இருந்தது. மாமா ஊரிலிருந்து கொடுத்தனுப்பியது என்று அப்பாவிடம் அம்மா சொன்னாள். பொய் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். அதனால் நம்பினேன். அப்பாவும் நம்பினார். அம்மா மட்டும் அந்த அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு கல்லா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தோம். சோறு ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் விறைத்தும் இருந்தது. என் தட்டில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. விரலால் எடுத்துப் பார்த்தேன்.

"எப்பா, சோத்துல ராகி கெடக்கு!"

"பேசாம சாப்பிடுட்டி" என்றாள் அம்மா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம ராகிதாம்ப்பா! கோயில் சாக்குல நாங்க கொட்டினோம்லா, அது நம்மகிட்டயே திரும்பி வந்துட்டு!"

அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று பயந்தேன். பசியோடு இருந்தார் என்பது எனக்கே தெரியும். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சிவப்பு மணிகளை ஒதுக்காமல் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.

"இதுல பிடி எடுத்து வச்சியா?" என்று கேட்டார்.

அம்மா இல்லையென்று தலையாட்டினாள். "நீங்க கண்டுபிடிச்சிருவீங்களோன்னு பயத்துல மறந்துட்டேன்."

அப்பா எழுந்து கை கழுவினார். வேட்டியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி டின்னில் போட்டார். கண்ணை மூடவில்லை, ஒன்றும் முணுமுணுக்கவும் இல்லை. ஆனால் மறுநாளும் அவரேதான் போட்டார்.

கோபத்தில் அரிசியைத் திருப்பிக் கொடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். லேத் ஓட்டிய அந்தக் கை பெரிய கை. தினமும் அவர் இப்படி அள்ளிப் போட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.