சுக்கான் அசையாத காலை

முற்றத்தில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்டிக் காமிராவை வைத்து, தேவப்பிரியம் முழங்காலிட்டுக் குனிந்திருப்பாள். காமிராவின் மேற்புறம் தபால்தலை அளவில் ஒரு கண்ணாடி. அதில் முற்றமும் நாயும் இடம் வலம் மாறித் தெரியும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் நாய்க்குத் தலை பெருத்துக் கால் சூம்பிவிடுகிறது என்று சில சுருள்களை வீணாக்கிய பிறகு தெரிந்துகொண்டாள். "நாய அதும் ஒசரத்துல குந்திப் பாக்கணும்" என்பாள். ராயபுரத்துச் சந்தில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

தேவப்பிரியம் பிரசவ நிலையத்தில் மருத்துவச்சி. ஊருக்குத் திரும்பிய ஒரு துரைசானி, தனக்குப் பிள்ளைப்பேறு பார்த்ததற்காகக் கொடுத்துவிட்டுப் போன காமிரா அது. வலியில் அலறுகிறவர்களை அதட்டி வாயடைக்கிறவள், நாயிடம் மட்டும் வெயில் சுவரேறி இறங்கும்வரை காத்திருப்பாள். நாய் நேரே பார்க்கவேண்டும் என்பதற்காகக் கொண்டையில் நெத்திலிக் கருவாடு ஒன்றைச் செருகிக்கொள்வதும் உண்டு. அப்படியும் வால் நிற்காது. படகைத் திருப்பும் சுக்கானைப்போல் ஓயாமல் திரும்பும் அந்த வாலைப் பார்த்துத்தான் சுக்கான் என்று பெயர் வைத்தாள். அச்சிட்டு வந்த எல்லாப் படங்களிலும் வாலிருக்கும் இடத்தில் புகைதான் இருந்தது.

ஒருநாள் சுக்கான் பக்கத்து வீட்டு வியாகுலம்மாளைக் கடித்துவிட்டது. மீன் விற்றுத் திரும்பியவள் குழாயடியில் குனிந்தபோது, காரணமே இல்லாமல் புறங்கையைக் கவ்வியது. அதுவரை அது யாரையும் கடித்ததில்லை. அதுதான் எல்லோருக்கும் பயத்தைக் கொடுத்தது. டாக்டர் வயிற்றில் ஊசி போடத் தொடங்கிவிட்டு, நாயைக் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார். வெறி இருந்தால் பத்து நாளில் தெரிந்துவிடும். நாய் அசைவற்று முடங்கும், தாடை தொங்கும், தண்ணீர் இறங்காது என்றார்.

அன்று மாலையே சந்துக்காரர்கள் தடியோடு வந்தார்கள். தேவப்பிரியம் வாசலை மறித்து நின்றாள்.

"அட்சிப் போட்டுட்டா, அதுக்கு வெறி இருந்துச்சா இல்லியான்னு யாரு சொல்றது? கடிபட்ட அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

வியாகுலம்மாளே அவர்களைத் திருப்பி அனுப்பினாள். ஆனால் அதன்பிறகு தேவப்பிரியத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பொழுது சாயும்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு சொல் வரும்: "துன்னுச்சா?" இங்கிருந்தும் ஒரே சொல் போகும்: "துன்னுச்சு."

பத்து நாள் கெடுவின் கடைசிக் காலை. எது நடந்தாலும் ஒரு படமாவது மிஞ்சட்டும் என்று வாளியைக் கவிழ்த்தாள். கண்ணாடியில் குனிந்தாள்.

சுக்கான் அசையாமல் உட்கார்ந்திருந்தது. காது அசையவில்லை. வால் தரையோடு கிடந்தது. ஹார்பரில் சங்கு ஊதியது. எப்போதும் கூடவே ஊளையிடுகிற நாய் தலையைக்கூடத் திருப்பவில்லை. இத்தனை நாள் ஆசைப்பட்ட படம் கண்ணாடிக்குள் சித்திரம்போல் நின்றது. விசையின்மேல் வைத்த விரலை அவளால் அழுத்த முடியவில்லை. 'ஆட்டுடா, ஒருதரம் ஆட்டு' என்று உதடு முணுமுணுத்தது.

"இன்னா பிரியம், கம்முனு குந்திகினு கீது?"

பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு வியாகுலம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. படத்துக்காகப் பழக்கியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது.

"தெர்லக்கா. காலைல வெச்ச சோறும் அப்பிடியே கீது."

வியாகுலம்மாள் அழவில்லை, ஏசவும் இல்லை. தண்ணி வெச்சுப் பாரு என்றாள். கழியால் தள்ளி வைக்கும்படியும் சொன்னாள். தேவப்பிரியம் கழியை எடுக்கவில்லை. தண்ணீர் தொண்டையில் இறங்குகிறதா என்று பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். சட்டியைக் கையில் ஏந்தி, கயிறு எட்டும் எல்லைக்குள் போய் உட்கார்ந்தாள்.

நாய் எழுந்தது. சட்டியை மோந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு நாக்கை நீட்டி நக்கியது. ஒரு மடக்கு இறங்கியது. தொண்டைக்குழி ஏறி இறங்குவதை அவள் கண்ணாரக் கண்டாள். இன்னொன்று. பிறகு நிறுத்தாமல் குடித்து, சட்டியின் அடியைத் துழாவி, மூக்கில் ஏறிய நீரைத் தும்மியது. நாள்கணக்கில் கட்டிக் கிடந்த சலிப்பில் அன்று காலை அதற்கு எதிலும் மனமில்லை. அவ்வளவுதான்.

வியாகுலம்மாள் நிலைப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். மறுநாள் டாக்டர் ஊசியை நிறுத்திவிடப் போகிறார் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

தேவப்பிரியம் எழுந்து வந்தாள். நாய்க்கு முதுகைக் காட்டி, வியாகுலம்மாளுக்கு எதிரே தரையில் அமர்ந்தாள். அவளுடைய கடிபட்ட கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மீன் செதிளும் அழுக்கும் ஒட்டிப்போன காயக்கட்டின் முடிச்சை நகத்தால் நெகிழ்த்தத் தொடங்கினாள்.