பெரியப்பா கையை அழுத்தினால்

பேரம் பேசுவதில் என் பெரியப்பாவை அடித்துக்கொள்ள மயிலாப்பூரில் ஆளில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. கடையில் அவர் என் கையை லேசாக அழுத்துவார். உடனே நான் முகத்தைச் சுளித்து, "வேணாம் பெரியப்பா, வேற கடைக்குப் போலாம்" என்று இழுக்க வேண்டும். இருவரும் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடப்போம். நாலு எட்டு வைப்பதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். தி.நகரில் குடையிலிருந்து குக்கர் வரை இப்படித்தான் வாங்கினோம். எனக்கு ரோஸ்மில்க் கிடைக்கும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட என்ன உத்தியோகம் வேண்டும்!

அந்த வருஷம் புயலில் போன கரண்ட் வரவேயில்லை. பெரியம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலிருந்த ஆக்ஸிஜன் மெஷினில்தான் மூச்சு. இன்வெர்ட்டர் விடிவதற்குள் அடங்கிவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர், ஆம்புலன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கைவசம் ஒரே ஒரு சிலிண்டர், சாயங்காலம் வரை தாங்கும் என்றார்கள். பெரியம்மாவை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஜெனரேட்டர் வாங்கப் பெரியப்பா கிளம்பினார். நான் இல்லாமல் விலை எப்படிப் படியும்? என்னையும் கூட்டிக்கொண்டார்.

சிந்தாதிரிப்பேட்டைக் கடையில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கடைக்காரர் வாய் கூசாமல் ஒன்றரை மடங்கு விலை சொன்னார். பெரியப்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மழையைச் சாக்கா வெச்சுக் கொள்ளையடிக்கிறீங்களே, நியாயமா?"

"இஷ்டம்னா எடு சார். இன்னா, நானா புயலைக் கூட்டியாந்தேன்?" என்றார் கடைக்காரர்.

என் கை அழுந்தியது. அன்று நான் பிரமாதமாக நடித்தேன். இறங்கி நடந்தோம். நாலு எட்டு ஆயிற்று, தெருமுனையும் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. முதல் தடவையாகப் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கடை வாசலில் யாரோ அந்த ஜெனரேட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "சார், சார், அது என்னுது சார்" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் ஓடினார். ஆட்டோ போய்விட்டது.

எங்கெங்கோ அலைந்து, கேட்ட விலையைக் கொடுத்து வேறொன்றை வாங்கி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எங்கள் வாசலில் நிறையச் செருப்புகள். சிலிண்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டதாம். தோளிலிருந்த பெட்டியை இறக்கி வைக்கத் தோன்றாமல் பெரியப்பா படியிலேயே நின்றார்.

காரியமெல்லாம் முடிந்து, ஒருநாள் மீன் வாங்க என்னை நொச்சிக்குப்பத்துக்குக் கூட்டிப்போனார். மீன்காரம்மா சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினார். அந்தம்மாவுக்கே பயம் வந்துவிட்டது.

"இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

நான் முகத்தைச் சுளித்துத் தயாராக நின்றிருந்தேன். என் கை அவர் கைக்குள்தான் இருந்தது. அவர் அழுத்தவேயில்லை. பெரியப்பாவுக்கு எங்கிருந்தோ நிறையப் பணம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இனி ரோஸ்மில்க் கிடைக்காதே என்றுதான் எனக்கு ஒரே கவலை.