வலைக்காயம் என்று எழுதியவள்

அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். படகுகளிலிருந்து சுறா இறங்கினால், ஏலத்துக்குப் போவதற்கு முன்னால் அவளுடைய பலகையில் ஒரு தடவை படுத்து எழுந்துவிட்டுத்தான் போகவேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர், ஆணா பெண்ணா, உடம்பில் எங்கேயாவது காயம் உண்டா என்று பார்த்து, ஆய்வு நிலையம் கொடுத்த தாளில் எழுதுவாள். பதினோரு வருடமாக இதே வேலை.

அவளைத் தெரிந்தவர்களுக்கு இதுவே பெரிய அதிசயம். ஓரிடத்தில் கால் தரிக்காத பிறவி அவள். தையல் கடையில் ஏழு மாதம் இருந்தாள், மருந்துக்கடையில் நாலு மாதம், பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் கணக்காகப் பதினெட்டு நாள். சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பான் அவள் கணவன். அவன் பேருந்து ஓட்டுநர், சக்கரத்தைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு.

இந்த வேலை மட்டும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், இதில் உட்காரவே தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அவளுக்கு முன்னால் அளக்க வந்த வெளியாளை மீனவர்கள் ஒரே வாரத்தில் விரட்டிவிட்டார்கள். தாளும் பென்சிலுமாக எவன் வந்தாலும் அது கடைசியில் வலைக்குத்தான் வினையாக முடியும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. இவளை விட்டுவைத்ததற்குக் காரணம் அவள் தம்பி. அவன் கழிமுகத்தில் சின்னப் படகு வைத்து வலை போடுகிறவன், அவர்களில் ஒருவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, தன் பென்சிலால் யாருடைய வலைக்கும் கெடுதல் வராது என்று இறங்குதளத்தின் நடுவில் நின்று அத்தனை பேர் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு. இவளுக்கு எதிலும் அவசரம்தான்.

கழிமுகத்திலிருந்து வரும் சுறாக்கள் எல்லாம் சின்னவை. முழங்கையைவிடக் கொஞ்சம் நீளம், துடுப்பு நுனியில் மை தொட்டு வைத்தமாதிரி கருப்பு. இது என்ன இனம் என்று முதல் வாரம் கேட்டாள். குட்டைச்சுறா, முழுசாக வளர்ந்தாலே இவ்வளவுதான் என்று யாரோ சொன்னார்கள். எழுதிக்கொண்டாள். நிறைய மீன்களுக்கு அடிவயிற்றுப் பக்கம், முன்துடுப்பு இரண்டுக்கும் நடுவில், ஒரு சின்னக் கீறல் இருந்தது. தாளில் காயம் என்ற கட்டத்துக்குக் கீழே மூன்றே வகை: வலை, தூண்டில், கடி. வலைதான் கீறியிருக்கும் என்று அதில் ஒரு குறி போட்டாள். அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான மீன்களுக்கும் கை பழகிப்போய் அதே குறியைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்த வருடம் அந்தத் தாள்களுக்கு வேளை வந்தது. கழிமுகத்தை வருடத்தில் மூன்று மாதம் மூடுவதா வேண்டாமா என்று மீன்வளத் துறை முடிவெடுக்கப் போகிறது. சுறா அங்கே குட்டி போடுகிறது என்றால் மூடவேண்டும், இல்லையென்றால் வேண்டாம். வெள்ளிக்கிழமை கூட்டம். ஆய்வு நிலையத்தின் தலைவரை ஊரே டாக்டர் என்று கூப்பிடும். மீன் படித்த டாக்டர்தான், ஆனால் தொண்டை வலி என்று யாராவது வாயைத் திறந்து காட்டினால் மறுக்கமாட்டார். பொறுமையாகப் பார்த்துவிட்டு வெந்நீர் குடிக்கச் சொல்வார். அவள் எழுதிய பதினோரு வருடத் தாள்களை வைத்து அவர் அறிக்கை தயார் செய்திருந்தார். கழிமுகத்தில் இருப்பது வளர்ந்த குட்டைச்சுறாக்கள், பிறந்த குட்டிகள் இருப்பதற்கு அடையாளமே இல்லை என்பது முடிவு. சேதி தெரிந்ததும் இறங்குதளத்தில் அவளுக்கு ராஜ மரியாதைதான். வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கழிமுக வாயிலில் ஒரு பெரிய சுறா வலையில் சிக்கி வந்தது. ஆளைவிடப் பெரியது. அந்த அளவு மீன் வழக்கமாக வெளிக்கடலிலேயே குடல் எடுக்கப்பட்டு வந்து சேரும். இது முழுசாக வந்தது. மீன் வெட்டுகிற அம்மாள் கத்தியை வைத்து வயிற்றைக் கீறியதும் உள்ளேயிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாக வழுக்கி வந்தன. கடைசிக் குட்டி ஒரு கொடியோடு வந்தது. கொடி அதன் அடிவயிற்றுப் பக்கம், முன்துடுப்பு இரண்டுக்கும் நடுவில் போய் முடிந்திருந்தது. அந்த அம்மாள் பிடித்து இழுத்தாள். கொடி கழன்ற இடத்தில் ஒரு சின்னக் கீறல் மிஞ்சியது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தொப்புள் கொடிதான். நமக்கெல்லாம் இல்லையா? பொறந்து கொஞ்ச நாள்ல இந்தக் கீறல் மூடிக்கும்" என்றாள் அந்த அம்மாள்.

அவள் குட்டியை வாங்கிப் பலகையில் வைத்தாள். ஐம்பத்திநாலு சென்டிமீட்டர். துடுப்பு நுனியில் அதே கருப்பு. குட்டைச்சுறா என்று இத்தனை வருடம் எழுதிய அதே மீன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கடைக்குப் போனவள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்து, மறுபடி போனாள். ஆய்வு நிலையத்துக்கு இரண்டு தடவை போனாள். முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டாள். இரண்டாம் தடவை டாக்டர் சந்தோஷமாக அவளை உட்காரச் சொல்லி, கூட்டத்தில் காட்டப்போகும் படங்களைக் கணினியில் ஓட்டிக் காட்டினார். முதல் படத்திலேயே அவளுக்கு நன்றி போட்டிருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பழைய தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வீட்டுத் தரையில் பரப்பினாள். எந்தத் தாளை எடுத்தாலும் வலைக்காயம், வலைக்காயம். கணவன் தாண்டிப் போக வழியில்லாமல் சுவரோரமாக ஒட்டி நடந்தான்.

வியாழன் மதியம் தம்பி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் உட்கார்ந்து வலையில் பிய்ந்த கண்களை முடிந்துகொண்டிருந்தான். அவள் உட்காரவில்லை.

"குட்டைச்சுறான்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்காடா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "இருக்கு. வெளிக்கடல்ல. இங்க கிடையாது."

"அப்ப இங்க வர்றது?"

"குட்டிங்க. எல்லாருக்கும் தெரியும்க்கா."

"எனக்குத் தெரியாதே."

"நீ ஒரு தடவை கேட்ட, எவனோ விளையாட்டுக்கு ஒரு பேரைச் சொன்னான். நீயும் எழுதிக்கிட்ட. எங்களுக்கு அது நல்லதா இருந்துச்சு, விட்டுட்டோம்."

இத்தனை வருடம் அவளுக்கு வழிவிட்டது அவள் வேலைக்காக இல்லை, அவள் தப்புக்காக. தோளில் தட்டிய கைகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து அவமானமாக இருந்தது. அதிலும் சொந்தத் தம்பி. வேறு எவன் சிரித்திருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

நாளைக்கு அவள் வாயைத் திறந்தால் தன் கதி என்ன என்று அவன் நிதானமாக எடுத்துச் சொன்னான். அவனுடைய படகு வெளிக்கடல் அலைக்குத் தாங்காது. இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். மூன்று மாதம் வலை இல்லையென்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்கும் தெரியாததில்லை. குட்டிகளையெல்லாம் அள்ளிவிட்டால் நாளைக்கு எதைப் பிடிப்பாய் என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற?" என்றான்.

அவள் வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் கால் போன போக்கில் நடந்தாள். பொய்யைத் தெரிந்தே எழுதியிருந்தால்கூட இவ்வளவு கனக்காது என்று தோன்றியது. இதுவரை எழுதியது தெரியாமல். நாளைக்குப் பேசாமல் இருந்தால் அது தெரிந்து எழுதியதுதான்.

கூட்டம் மீன்வள அலுவலகத்தின் மாடியில் நடந்தது. மீனவர்கள் பின்வரிசையில், அவர்களோடு தம்பி. டாக்டர் பாதி படங்களைக் காட்டி முடித்திருந்தபோது அவள் எழுந்தாள்.

"நான் எழுதினது தப்பு சார். அது வலைக்காயம் இல்ல, தொப்புள். அங்க வர்றதெல்லாம் பொறந்த குட்டிங்க."

டாக்டர் விளக்கைப் போடச் சொன்னார். அவள் செவ்வாய்க்கிழமை வயிற்றிலிருந்து வந்த குட்டியைப் பற்றிச் சொல்லி, அதே அளவு எழுதிய தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக் காட்டினாள். அவர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். தப்பு அவளுடையது மட்டும் இல்லை, இத்தனை வருடத்தில் தானும் ஒரு மீனைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கழிமுகத்தில் மூன்று மாதம் வலை கூடாது என்று முடிவாயிற்று. அவள் திரும்பிப் பார்த்தபோது பின்வரிசை காலியாக இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் பலகையை எடுத்துக்கொண்டு இறங்குதளத்துக்குப் போனாள். முதல் படகு வந்தது. கூடை அவளைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. யாரும் திட்டவில்லை, ஆனால் கண் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு கூடையின் பின்னால் நாலடி நடந்து போனாள், பிறகு திரும்பி வந்தாள். ஏழு படகு போயிற்று. தாள் வெள்ளையாகவே இருந்தது.

கடைசியாகத் தம்பி வந்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்து, அத்தனை பேரும் பார்க்க, அவள் காலடியில் கவிழ்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வயிறு தெரிய மல்லாக்க அடுக்கினான். அவசரப்படவே இல்லை.

"எழுதுக்கா" என்றான். "இதையாவது சரியா எழுது."

அவள் எழுதினாள். மொத்தம் நாற்பத்தொன்று. அதில் முப்பத்தாறுக்குத் தொப்புள் இன்னும் மூடியிருக்கவில்லை.